பருத்தியை எடுப்பார்கள்

என் நாவல் ஒன்றுக்கு வந்த மதிப்புரையில் 'மண்வாசனை கமழ்கிறது' என்று எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் புத்தகங்களைப் பற்றி இந்த வாக்கியத்தை நூறு தடவை படித்திருக்கிறேன். ஒரு தடவைகூட நின்று யோசித்ததில்லை. என்னைப் பற்றி என்று வந்ததும் நின்றேன். வாசனைக்கு என்ன அத்தாட்சி என்று பார்த்தேன். மதிப்புரைக்காரர் நாணயமான மனிதர். ஏழு சொற்களைப் பொறுக்கியெடுத்து வரிசையாகக் கொடுத்திருந்தார்: பொடக்காணி, தொண்டுப்பட்டி, இட்டேரி, சீமாறு, போசி, அட்டாலி, ஒறம்பரை. கொங்கு நாட்டு அன்றாடப் பேச்சு இந்த நாவலில் உயிரோடு உலவுகிறது என்று முடித்திருந்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள் நிலைத்தது. ஐந்தாவது நாள் கணியூர் வீட்டுத் திண்ணையில் என் பெண் அந்த நாவலை என் தாயாருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கேட்பதில் மட்டும் வெகு சிரத்தை. பொடக்காணி வந்தது, தொண்டுப்பட்டி வந்தது. அம்மா அசையவில்லை. அவளுக்கு அதில் என்ன அதிசயம்? கதாநாயகி காட்டுக்குப் போய்ப் பருத்தி பறிக்கும் இடம் வந்தது. அம்மா கையை நீட்டிப் படிப்பை நிறுத்தினாள்.

"ஏஞ்சாமி, நீயா எழுதினே இதை?" என்று என்னைப் பார்த்தாள். "பூவைத்தான் பறிப்பாங்க. பருத்தியை எடுப்பாங்க. பறிச்சா ஓட்டோட, சருகோட வந்துரும். வேவாரி வெலையைக் கொறைச்சுப் போடுவான்."

வெடித்த காயைச் செடியிலேயே விட்டுவிட்டு, விரல் நுனியால் பஞ்சை மட்டும் வாங்கிக்கொள்கிற வேலை அது. 'எடுக்கிறது' என்ற சொல்லுக்குள் அந்த விரல்களின் பக்குவமும் இருக்கிறது, சந்தை விலையும் இருக்கிறது. சின்ன வயசில் அம்மாவின் மடியிலிருந்த பருத்தியை அம்பாரத்தில் கொட்டியவன் நான். ஆனால் எழுதும்போது, எங்கேயோ புத்தகத்தில் படித்த 'பறித்தாள்' என் பேனாவில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏழு பெயர்ச் சொற்களுக்கு மதிப்பெண் போட்டவர் கண்ணில் இந்த ஒரு வினைச்சொல் படவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் கண்ணிலும் படவில்லையே!

இதை மறந்திருப்பேன். மறக்க விடாமல் செய்தது வேறொரு புத்தகம்.

திருப்பூரில் ஜவுளி ஏற்றுமதி செய்கிற நண்பர் ஒருவர் அமெரிக்கா போயிருந்தபோது அரிசோனாப் பக்கம், நவஹோ என்ற ஆதிகுடிகள் நெய்கிற கம்பளிகளைப் பார்க்கப் போனார். கம்பளி வாங்கக் கட்டுபடியாகவில்லை போலிருக்கிறது. எனக்காக ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்தார். நவஹோ பாஷையின் அன்றாடச் சொற்கள், குழந்தைகளுக்கு, வர்ணப் படங்களோடு. தண்ணீருக்கு டோ, ஆட்டுக்குத் திபே, பூனைக்கு மோசி. என் பெண் அரை மணியில் முப்பது சொல் பாடம் பண்ணிவிட்டாள். முப்பதையும் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் பேசு என்றேன். முடியவில்லை. புத்தகத்தில் வினைச்சொல்லே அபூர்வம். "தண்ணீர்" என்று சொல்லலாம். "தண்ணீர் கொடு" என்று கேட்க வழியில்லை.

புத்தகம் போட்டவர்கள் சோம்பேறிகள் அல்ல என்பது அந்தப் பாஷையைப் பற்றி மேலும் படித்த பிறகுதான் தெரிந்தது. நவஹோவில் 'கொடு', 'எடு', 'வை' போன்ற காரியங்களுக்கு ஒரே வினை கிடையாது. கையாளப்படுகிற பொருளின் வடிவத்தைப் பார்த்து வினை மாறும். உருண்டையான பொருளைக் கொடுக்க ஒன்று, குச்சிபோல் நீண்டு விறைத்ததற்கு ஒன்று, கயிறுபோல் துவள்வதற்கு ஒன்று, துணி, காகிதம்போல் தட்டையாக மடங்குவதற்கு ஒன்று, கம்பளி மயிர்போல் பொலுபொலு என்றிருப்பதற்கு ஒன்று, களிபோல் கொழகொழப்பதற்கு ஒன்று, பாத்திரத்தில் இருக்கும் தண்ணீருக்கு ஒன்று, உயிருள்ளதற்கு ஒன்று. இப்படிப் பதினொரு வகை என்று இலக்கணக்காரர்கள் பிரித்திருக்கிறார்கள். ராபர்ட் யங் என்ற வெள்ளைக்காரரும் வில்லியம் மார்கன் என்ற நவஹோ அறிஞரும் 1943-ல் இந்த பாஷைக்கு இலக்கணமும் அகராதியும் சேர்ந்த ஒரு நூல் போட்டார்கள். பிறகு 1980-லும் 1987-லும் அதையே பிரம்மாண்டமாக விரித்தார்கள். அதில் அவர்கள் பட்ட பாடெல்லாம் வினையோடுதான். படம் போட்ட புத்தகத்தில் ஆட்டை வரையலாம். கொடுப்பதை எப்படி வரைவது?

இதைப் படித்தபோது, எத்தனை விசித்திரமான பாஷை என்று வியக்கத்தான் முதலில் தோன்றியது. அப்புறம் அம்மாவின் பருத்தி ஞாபகம் வந்தது. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? நெல்லை அறுக்கிறோம். கடலையைப் பிடுங்குகிறோம். கரும்பையும் மஞ்சளையும் வெட்டுகிறோம். கீரையைக் கிள்ளுகிறோம். முருங்கையை ஒடிக்கிறோம். புளியை உலுக்குகிறோம். தேங்காயைப் 'போடுகிறோம்'. பருத்தியை எடுக்கிறோம். எல்லாம் மகசூல்தான், ஆனால் செடிக்கும் கைக்கும் உள்ள உறவு ஒவ்வொன்றிலும் வேறு, வினையும் வேறு. பந்தியில் பாருங்கள்: சோறு போடு, குழம்பு ஊற்று, உப்பு வை. இடம் மாற்றிச் சொன்னால் பரிமாறுகிறவன் சிரிப்பான். உடம்பில் அணிவதைப் பாருங்கள்: வேட்டி கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம், பொட்டு வைக்கிறோம். நவஹோக்காரன் இலக்கணமாகச் செய்ததை நாம் பழக்கமாகச் செய்திருக்கிறோம்.

நம்முடைய இலக்கணமும் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. கொடுப்பதற்குத் தொல்காப்பியம் மூன்று சொல் வகுத்திருக்கிறது. தாழ்ந்தவன் கேட்டால் ஈ, சமமானவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. நவஹோ, பொருள் எப்படிப்பட்டது என்று பார்க்கிறது. தமிழ், கேட்கிறவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்திருக்கிறது. இதில் எது மேல் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு ஜனம் எதைக் கவனித்து வாழ்ந்தது என்பது அதன் வினைகளில் பதிந்துவிடுகிறது என்று மட்டும் சொல்கிறேன். பெயர்களில் அவ்வளவாகப் பதிவதில்லை.

பெயர்கள் ஊர் சுற்றுகிறவை. பக்கத்தில் குடியேறிய ஸ்பானியர்களின் பேசோ என்ற நாணயத்திலிருந்து நவஹோ, பணத்துக்குப் பெயர் எடுத்துக்கொண்டது. ஆப்பிளுக்கு பிலசானா என்றது. அதுவும் ஸ்பானிய மொழிப் பெயரின் திரிபுதான். நாம் போர்த்துக்கீசியர்களிடமிருந்து சாவியும் ஜன்னலும் அலமாரியும் மேஜையும் வாங்கவில்லையா? வீடு இடிந்தா போயிற்று? சொந்த முதலை வைத்துப் பெருக்கவும் இரண்டு பாஷைக்கும் தெரிந்திருக்கிறது. சக்கிமுக்கிக் கல்லையும் அதில் செய்த கத்தியையும் குறித்த 'பேஷ்' என்ற சொல்லை, உலோகம் வந்தபோது நவஹோ உலோகத்துக்கு ஆக்கிக்கொண்டது. வெள்ளை பேஷ் என்றால் வெள்ளி. சிவப்பு பேஷ் என்றால் செம்பு. நம் பழைய தமிழில் பொன் என்றால் தங்கம் மட்டுமல்ல, உலோகம் எதுவுமே பொன்தான்; இரும்புக்குக் கரும்பொன், வெள்ளிக்கு வெண்பொன். சமுத்திரங்களுக்கு அப்பால் இருக்கிற இரண்டு ஜனங்கள் ஒரே யுக்தியைச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் என்னை அதிகம் உலுக்கியது. நவஹோவில் வெறும் 'அம்மா' என்று சொல்ல முடியாது. ஷிமா என்றால் என் அம்மா, நிமா என்றால் உன் அம்மா, பிமா என்றால் அவன் அல்லது அவள் அம்மா. யாருடைய அம்மா என்று தெரியாவிட்டால் 'யாரோ ஒருவரின் அம்மா' என்று அதற்கும் ஒரு முன்னொட்டுப் போட வேண்டும். சொந்தக்காரர் இல்லாத தாய் அந்தப் பாஷையில் இல்லை. சங்கத் தமிழிலும் இப்படித்தான் இருந்தது. யாய் என் தாய், ஞாய் உன் தாய், தாய் என்பது அவன் தாய். எந்தை, நுந்தை, தந்தை. எம்பி, நும்பி, தம்பி. காலப்போக்கில் என்னுடையவளும் உன்னுடையவளும் வழக்கொழிந்து, மூன்றாம் மனுஷியான 'தாய்' மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நின்றுவிட்டாள். அகராதியில் 'தாய் – அம்மா' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் பேச்சு அதை முழுக்க விட்டுவிடவில்லை. எங்கள் ஊரில் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவன்கூட 'எங்கம்மா' என்பான். என் அம்மா என்று சொல்ல அவனுக்கு நா கூசும்.

இந்த இடத்தில் சரித்திரம் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் விடுதிப் பள்ளிகளில் நவஹோக் குழந்தைகள் தாய்மொழி பேசினால் அடித்தார்கள், வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அந்தத் தலைமுறைப் பையன்களைத்தான் 1942-ல் அதே அரசாங்கம் கடற்படைத் துருப்புக்குக் கூப்பிட்டு, எதிரிக்குப் புரியாத ரகசியச் சங்கேதம் அமைக்கச் சொல்லிற்று. முதலில் சேர்ந்தவர்கள் 29 பேர். அவர்கள் புதிதாக எதையும் தேடிப் போகவில்லை. அடுப்படியிலும் ஆட்டுப்பட்டியிலும் புழங்கிய சொற்களை எடுத்துக்கொண்டார்கள். ஆமை என்றால் டாங்கி; உருளைக்கிழங்கு என்றால் கையெறிகுண்டு; முட்டை என்றால் விமானத்திலிருந்து போடும் குண்டு; இரும்பு மீன் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'நம் அம்மா'. வாயைக் கழுவியவளை 'நம்' என்று சேர்த்துச் சொன்ன பெருந்தன்மையை என்னவென்பது! 1968 வரை இது ராணுவ ரகசியமாகவே இருந்தது. முதல் 29 பேருக்கு 2001-ல் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அவர்களில் கடைசியாக இருந்த செஸ்டர் நெஸ் 2014-ல் காலமானார்.

அந்த 1942-ஆம் வருஷத்துக்கு நம்மிடமும் ஒரு முக்கியம் உண்டு. ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வெளிவந்த வருஷம் அது. கொங்குப் பேச்சு தமிழ் நாவலுக்குள் காலூன்றி நின்றது அந்தச் சின்னப் புத்தகத்தில்தான். கு. ப. ராஜகோபாலன் முன்னுரை எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு அதைத் திருப்பிப் படித்தால் ஒன்று ஸ்பஷ்டமாகத் தெரிகிறது. கதை சொல்கிற நடை எல்லோருக்கும் பொதுவான எளிய தமிழ். ஊர்ச் சொற்களை வாரியிறைத்து 'பார், பார்' என்று காட்டுகிற ஆசை ஆசிரியருக்குக் கிடையாது. கணவனை இழந்த ஒரு பெண் கொழுந்தனிடம் பங்கு கேட்கிறாள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மனிதர்கள் வாயைத் திறந்தால், யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்த உறவில் பேசுகிறார்கள், கேட்கிறார்களா, குத்துகிறார்களா, கெஞ்சுகிறார்களா என்பது வினையின் முடிவில், 'ங்க' என்று இழுப்பதில், இழுக்காமல் விடுவதில் தெரிந்துவிடுகிறது. கொங்கு நாட்டைக் கண்ணால் காணாத வாசகனும் பின்னால் அருஞ்சொற்பொருள் இருக்கிறதா என்று புரட்ட வேண்டியதில்லை. என் நாவலில் ஏழு சொற்கள் பொறுக்கியதுபோல் 'நாகம்மா'ளில் பொறுக்கப் போனால் அந்த நாவலின் உயிர் கையில் அகப்படாது. அதுதான் அதன் பெருமை என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக, சொல்லைத் தொகுக்கிறவர்களை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி போட்டார். பெருமாள்முருகன் 2000-ல் எங்கள் கொங்கு வட்டாரத்துக்குச் சொல்லகராதி தந்தார். இரண்டு பேருமே கதை எழுதுகிறவர்கள் என்பது தற்செயல் அல்ல. பாத்திரங்களின் வாயில் சொல் எப்படி வந்து உட்காருகிறது என்று காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத்தான் அகராதி போடும் துணிச்சல் வரும். எங்கள் கண்ணெதிரே நிற்கிற நீலகிரியில் 1935 முதல் 1938 வரை தோதவர்களோடும் கோத்தர்களோடும் பழகிய எமனோ என்ற அறிஞரும் சொல் ஜாபிதாவோடு திருப்திப்பட்டுவிடவில்லை. கோத்தர்கள் சொன்ன கதைகளைப் பல பாகங்களாகவும், தோதவர் பாட்டுகளைத் தனி நூலாகவும் வெளியிட்டார். பரோ என்பவரோடு சேர்ந்து 1961-ல் அவர் தந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதிக்கு அடியில் அந்தக் கதைகளும் பாட்டுகளும் இருக்கின்றன. நவஹோக்கள் தங்களைத் 'தினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்று பொருள். தோதவர்கள் தங்களைக் குறிக்கும் சொல் நம்முடைய 'ஆள்' என்பதற்கு உறவு. இருவருக்கும் தாங்கள் வெறும் மனிதர்கள்தான். மற்றவர்கள்தான் அவர்களைக் காட்சிப் பொருளாக்கினார்கள். எங்கள் மண்வாசனை மதிப்புரைகளும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கின்றன.

கணியூரின் இன்றைய அன்றாடப் பேச்சுக்கு வருகிறேன். அமராவதி வாய்க்கால் பாயும் வயல்களுக்கு நடுவே பொழுது விடியும் முன் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. பெண்கள் தூக்குப்போசியோடு ஏறுகிறார்கள். ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், ஷிப்ட், பீஸ் ரேட் என்று பேச்சு போகிறது. இதைக் கேட்டுத் தமிழ் செத்துப்போயிற்று என்று தலையில் கை வைத்துக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இவையெல்லாம் பெயர்கள். சாவியும் ஜன்னலும் வந்த வழியில் வந்திருக்கின்றன. அதே பெண்கள் 'பிசிர் வெட்டுகிறேன்' என்கிறார்கள், 'காஜா போடுகிறேன்' என்கிறார்கள், மடித்துக் கொடுக்கிற வேலைக்குக் 'கைமடி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். காஜா வெளியிலிருந்து வந்தது, போடுகிறது நம்முடையது. துணியின் ஓரத்தில் தொங்குகிற நூலுக்குப் பிசிர் என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த அகராதிக்காரருக்குக் கிடைத்திருக்கும்?

எனக்குக் கவலை தருவது வேறு ஒரு சின்னச் சொல். அது அசல் தமிழ்ச் சொல், யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்: 'பண்ணு'. கட் பண்ணு, வாஷ் பண்ணு, ஓப்பன் பண்ணு, மிக்ஸ் பண்ணு. வெட்டுகிறது, நறுக்குகிறது, கிள்ளுகிறது, அரிகிறது, கத்தரிக்கிறது என்று ஐந்து கைகள் செய்த வேலையை ஒரு 'கட் பண்ணு' எடுத்துக்கொண்டுவிட்டது. என் பெண் கீரையையும் 'கட் பண்ணுகிறாள்', நகத்தையும் 'கட் பண்ணுகிறாள்', போனையும் 'கட் பண்ணுகிறாள்'. அவள் மேல் தப்பு இல்லை. தமிழில் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பி, மாதா மாதம் பணமும் கட்டியவன் நான்.

நவஹோ நாட்டிலும் இதே கதைதான் நடந்துவருகிறது என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கிலம் கலந்து பேசுகிற இளையவர்கள் ஆங்கில வினையை அப்படியே வைத்து, அதன் பக்கத்தில் 'செய்' என்று பொருள்படும் தங்கள் வினையை ஒட்டிவிடுகிறார்களாம். பதினொரு விதமாகக் கொடுத்த கைகள்! ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் பேசுகிற பாஷைதான் அது; அழிந்துபோனதல்ல. ஆனால் குழந்தைகளுக்குப் படம் போட்ட புத்தகம் தேவைப்படுகிற கட்டத்துக்கு வந்திருக்கிறது. அந்தப் புத்தகத்தில் ஆடும் பூனையும் பத்திரமாக இருக்கின்றன. ஆட்டைப் பிடிக்கிறது, ஓட்டுகிறது, மயிர் கத்தரிக்கிறது இல்லை.

ஆகவே விமர்சகர்களுக்கும், விமர்சகர்களை நம்பிப் புத்தகம் வாங்குகிற வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வட்டார நாவல் என்று ஒன்று கைக்கு வந்தால், அதில் எத்தனை பொடக்காணி, எத்தனை தொண்டுப்பட்டி என்று எண்ணுவதை நிறுத்திக்கொள்ளலாம். அவற்றை ஊருக்கு வராமலே அகராதியைப் பார்த்துத் தூவிவிட முடியும். என்னைப்போல் ஊரிலேயே இருந்துகொண்டும் தூவலாம். அதற்குப் பதிலாக, அந்த நாவலில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள், அதை எந்தச் சொல்லால் செய்கிறார்கள் என்று பாருங்கள். எடுக்க வேண்டியதை எடுக்கிறார்களா, உலுக்க வேண்டியதை உலுக்குகிறார்களா? எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் 'சோறு உங்க வாங்க' என்பார்கள். நம் ஊர்களில் சாப்பாடு வந்து உட்கார்ந்தபின் எழுந்துபோன 'உண்' என்ற பழைய வினை, எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேளையும் இலை போட்டு உட்காருகிறது. அதைக் கேட்கிற காது இருந்தால் அந்த எழுத்தாளனை நம்பலாம்.

நாவலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த ஒரு சொல்லைத் திருத்தினேன். அச்சுக் கோக்கிறவர் 'பருத்தி எடுத்தாள்' என்பது பிழையோ என்று சந்தேகப்பட்டு மறுபடி 'பறித்தாள்' ஆக்கிவிட்டார்; மெய்ப்புப் பார்க்கையில் இன்னொரு தரம் திருத்த வேண்டியிருந்தது. அதற்குள் அம்மா இன்னொரு தப்பும் கண்டுபிடித்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், என் கதாநாயகி புளியை அடித்து உதிர்க்கிறாள்.